அடிக்கிற அக்காவின் தோட்டம்

அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவள் கையால் ஒரு தடவை வாங்கியவர்களுக்கு வேறு எப்படியும் கூப்பிட வாய் வராது. கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அவரும் "அக்கா, இன்னொரு அப்பளம் வைக்கட்டா?" என்றுதான் கேட்பார். அவரும் வாங்கியிருக்கிறார்.

கை என்றால் கை. கறுத்து, அகலமாக, விரல் முட்டியெல்லாம் காய்ச்சுப்போன கை. நல்லது சொல்ல வந்தாலும் அந்தக் கைதான் முதலில் வரும், வாய் பின்னால் வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் கையுறை போடாமல் தகட்டைத் தொட்டால் பிடரியில் ஒன்று விழும். அப்புறம்தான் "கையுறை எங்கடி?" என்ற கேள்வி. எவளாவது காலையில் நாஷ்டா தின்னாமல் வந்து மயங்கினால், தண்ணீர் தெளிப்பதற்குப் பதிலாகக் கன்னத்தில் அறைவாள். மயக்கம் தெளிந்தவளுக்குத் தன் டப்பாவைத் திறந்து சோற்றைத் திணிப்பாள். அழுதுகொண்டே தின்ன வேண்டும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. காருக்கான கிளிப்பும் பிராக்கெட்டும் செய்கிற இடம். தகட்டை டை என்கிற அச்சில் வைத்தால் மேலேயிருந்து இடி மாதிரி இறங்கி வளைத்துவிட்டுப் போகும் பிரஸ் மெஷின்கள் வரிசையாக நிற்கும். ஆறாம் நம்பர் மெஷினில் காலை ஷிப்டு நான். மதியம் இரண்டு மணிக்கு என்னை மாற்றிவிட வருவது அவள். அடுத்த வாரம் அவள் காலை, நான் மதியம்.

இப்போது அந்தத் தீவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் அவளைப் பற்றிப் பேச முடியாது.

செல்போனில் ஒரு விளையாட்டு. எவனோ எங்கேயோ உட்கார்ந்து கட்டிய உலகம். கடல் நடுவே ஒரு தீவு, வானத்தில் ஏழு நிலா. ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு நிலா உண்டு, அதன் வெளிச்சத்தில்தான் பழுக்கும். தீக்கொய்யா எட்டு மணி நேரத்தில் பழுத்துவிடும், பறித்தால் கையில் புகையும். நிலாப்பலாவுக்கு இரண்டு நாள். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி நாவல். ஏழு நாள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். பழுத்த பிறகு பத்தே நிமிஷம்தான் மரத்தில் நிற்கும். அதற்குள் பறிக்காவிட்டால் சில்லுச் சில்லாய் உடைந்துபோகும். நடுவில் மனுஷ மூஞ்சி வைத்த வௌவால்கள் கூட்டமாக வந்து தோட்டத்தை மொட்டையடிக்கும். தீவின் வடக்கே துறைமுகத்தில் சந்தை. அங்கே காசு செல்லாது. பழத்துக்குப் பழம், பழத்துக்குக் கன்று, நல்ல பழமாக இருந்தால் நிலம்.

சிரிக்காதீர்கள். என் அம்மா ஆரம்பாக்கத்தில் ஊரான் வயலில் குனிந்து நாற்று நட்டே முதுகு வளைந்தவள். எங்கள் பரம்பரையிலேயே முதன்முதலாகச் சொந்த நிலம் வாங்கியது நான்தான். அது போனுக்குள் இருந்தால் என்ன? என் நிலம் என் நிலம்தான். எங்கள் கம்பெனிப் பெண்களில் பாதிப் பேருக்கு அங்கே தோட்டம் இருந்தது.

ஒரு பேஜாரு என்னவென்றால், மெஷின் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பழத்துக்கு ஷிப்டு தெரியுமா? அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. நம்மை மாற்றிவிட வருகிறவளிடம் நம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட வேண்டும். நான் உள்ளே தகடு அடிக்கும்போது அவள் வீட்டில் இருந்துகொண்டு இரண்டு தோட்டத்தையும் பார்ப்பாள். இரண்டு மணிக்கு அவள் உள்ளே வந்ததும் நான் மெஷினை ஒப்படைப்பேன், அவள் தோட்டத்தை ஒப்படைப்பாள்.

"ஆயில் ஊத்தியாச்சு. டை கொஞ்சம் சூடா கீது."

"உன் தீக்கொய்யா நாலு மணிக்கு. வௌவா ஒரு தபா வந்துச்சு, அட்ச்சுட்டேன்."

சொல்லி முடித்ததும் நான் உள்ளங்கையை நீட்ட வேண்டும், வருகிறவள் அதில் தட்ட வேண்டும். தட்டினால்தான் ஒப்படைத்ததாகக் கணக்கு. மற்றவர்கள் பட்டும் படாமல் தட்டுவார்கள். இவள் தட்டினால் ஷெட்டே திரும்பிப் பார்க்கும். கையைக் கழுவிக்கொண்டு கேட்டுக்கு வரும்வரை எனக்கு உள்ளங்கை தகதகவென்று எரியும். போனைப் பிடிக்கும்போது சிவந்திருக்கும். திட்டிக்கொண்டேதான் அவள் தோட்டத்துக்கும் தண்ணீர் விடுவேன்.

தீவிலும் அவள் அப்படித்தான். நாங்கள் எல்லாம் வௌவாலுக்கு வலை வாங்கிக் கட்டுவோம். அவள் ஒரு தடி வாங்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாய்த் தேடிப்போய் அடிப்பாள். கூட்டில் இருக்கும் குஞ்சைக்கூட விடமாட்டாள்.

"குஞ்ச ஏன்க்கா அடிக்கிற? பாவம்."

"குஞ்சு நாளைக்கு வௌவா ஆவாதா?"

பழவேற்காட்டுப் பக்கம் ஏரியில் வலை போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். இருந்தும் வலையை நம்பமாட்டாள். வலையில் ஓட்டை விழும், கையில் ஓட்டை விழாது என்பாள்.

கம்பெனி வேனில் ஒரு நாள் கான்ட்ராக்ட் ஆள் ஒருத்தன் சின்னப் பெண் ஒருத்தியின் இடுப்பில் கிள்ளினான். அவள் கண்ணில் தண்ணீர். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். வேன் நின்றது. அவன் இறங்கக் கதவோரத்தைப் பிடித்தான். அக்கா கதவை அவன் விரல்கள்மேல் வைத்துச் சாத்தினாள். சாத்திவிட்டு அதில் சாய்ந்தும் நின்றுகொண்டாள். அவன் போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் ஓடிவந்தார். இவள் சாவகாசமாகக் கேட்கிறாள்: "உன் பேரு இன்னா நைனா? எந்த ஊரு? ஊட்ல பொம்பளப் புள்ளைங்க கீதா?" அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தாள். இரண்டு நகம் பிய்ந்து தொங்கியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெண் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தாள்.

பேக்கிங்கில் இருந்த ஒரு பையன், பையன் என்ன பையன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், எப்படியோ மூன்று பெண்களின் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு தோட்டத்தை வழித்துவிட்டான். பழுத்தது, பழுக்காதது எதையும் விடவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் கை கழுவக் குனிந்தான். அக்கா பின்னாலிருந்து முடியைப் பிடித்துக் குழாய்மேல் ஒரே மோது. முன்பல் ஒன்று தெறித்துத் தொட்டியில் விழுந்தது. சோற்றுப் பருக்கையோடு ரத்தம் சுழன்று போனதை நான் பார்த்தேன்.

"ஒவ்வொரு பழமா திருப்பிக் குடுப்ப. சாயங்காலம் கேட்டாண்ட நானும் கூட இருப்பேன்."

இருந்தாள். வாயில் துணியை வைத்துக்கொண்டு அவன் அறுபது எழுபது பழத்தையும் ஒவ்வொன்றாய்த் திருப்பி அனுப்பும்வரை அவன் சட்டைக் காலரை விடவில்லை. அத்தோடு விட்டிருந்தால் ரவுடி என்று சொல்லிவிட்டுப் போகலாம். மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். "பல்லு போனவன் இன்னாத்த மெல்லுவான்" என்றாள். அவனும் வாங்கிக் குடித்தான். அந்த வாரக் கடைசியில் அவன் வாயிலும் 'அக்கா' வந்துவிட்டது.

அவளைப் பிடிக்குமா என்று கேட்டால் பயமாக இருக்கும் என்றுதான் சொல்வேன். பயம்தானா என்று கேட்டால், அவள் லீவு போட்ட நாளில் கை ஊறும், அதையும் சொல்ல வேண்டும்.

அவள் அடிக்காமல் விட்ட ஒரே ஆளை நான் பார்த்திருக்கிறேன். அவள் புருஷன். கல்யாணமான மூன்றாம் வருஷம் அவள் முதுகில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு இன்னொருத்தியோடு போனவன். உடை மாற்றும் அறையில் அந்த முதுகை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பல வருஷம் கழித்து ஒரு மதியம் கேட்டில் வந்து நிற்கிறான், தலை நரைத்து, சட்டை கிழிந்து. வாட்ச்மேன் கையில் இருந்த கம்பை ஒளித்துவைத்தார், இவள் பிடுங்கிவிடுவாள் என்று. நாங்கள் பத்துப் பேர் சுற்றி நின்றோம்.

"வாங்க," என்றாள் அக்கா. "டீ சாப்ட்டுப் போங்க."

எதிர்க்கடையில் டீ சொல்லி, கிளாஸை அவளே வாங்கி அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "லேட்டாவுது, வரேங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. "ஏன்க்கா, நாலு அறை விட்டிருக்கக் கூடாதா? நாங்கல்லாம் இருந்தமே?" என்று கேட்டேன்.

"செத்தவன யாருடீ அடிப்பா?" என்றாள்.

என் கதைக்கு வருகிறேன். எட்டு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தேன். அந்த மாசம் என்னைப் பெர்மனென்ட் ஆக்குகிற லெட்டர் மேனேஜர் மேஜைக்குப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். அந்த லெட்டர் வராவிட்டால் அவளும் படிப்பை விட்டுவிட்டு இதே வேனில் ஏற வேண்டியதுதான். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு பெயரில் ஏறினால் போதும், லெட்டர் குப்பைக்குப் போகும்.

அதே மாசம்தான் என் தோட்டத்தில் கண்ணாடி நாவல் காய்த்தது. கம்பெனியில் வேறு யாருக்கும் காய்க்கவில்லை. சந்தையில் அந்த ஒரு பழத்துக்குத் துறைமுகத்தை ஒட்டின மலையையே கொடுப்பார்கள். ஏழு நாளும் நான் உள்ளே இருந்த நேரமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டது அக்காதான். தூங்காமல் வௌவால் அடித்தாள். பழுக்கிற நேரம் ஏழாம் நாள் மதியம் ஒன்று ஐம்பது. கேட்டில் போனைக் கொடுப்பதற்கு முன்னால் அவள் பறித்து வைப்பதாகப் பேச்சு.

எனக்குப் புத்தி கெட்டது. பறித்த கையோடு பழத்தைத் தன் தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பேன்? எல்லோரையும் அடிக்கிறவள் அவள், அவளை யார் அடிப்பார்கள்? ராத்திரியெல்லாம் இதே நினைப்பு. அவள் பறிக்க வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பாஸ்வேர்டை மாற்றிவிடுவது என்று காலையில் முடிவு செய்தேன். போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

பிரஸ் மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்றுதான் அப்படி. ஒன்று நாற்பத்தைந்துக்குப் பாஸ்வேர்டை மாற்றினேன், வலது பட்டனை டேப் போட்டு அமுக்கி ஒட்டினேன். இனி இடது பட்டன் ஒன்றே போதும், வலது கையில் போன் பிடிக்கலாம். ஒன்று ஐம்பதுக்குக் கிளையில் நாவல் மினுக்கென்று திரும்பியது. அதே நேரம் அச்சில் ஒரு பீஸ் மாட்டிக்கொண்டது. இடது கையை உள்ளே விட்டு அதை நெம்பினேன், கண் போனில். விரல் பழத்தின்மேல் சரியாக விழவில்லை. இன்னும் கிட்டத்தில் பார்க்கக் குனிந்தேன். என் வயிறு இடது பட்டனைத் தொடப் போவது எனக்குத் தெரியாது.

வாசலில் அவள் குரல் கேட்டது. "பாஸ்வேர்டு மாத்திட்டியாடீ! என்னாண்டயே மாத்திட்டியா!" ஷெட் முழுக்கக் கேட்டது. கேட்டில் என் தோட்டம் திறக்காமல் போனதும் ஓடி வந்திருக்கிறாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் என் வயிற்றைப் பார்த்தாள், பட்டனைப் பார்த்தாள், உள்ளே இருந்த என் கையைப் பார்த்தாள். பக்கத்து மெஷினில் பீஸ் இழுக்கிற கொக்கிக் கம்பி இருந்தது. எடுத்து, ஓங்கி, என் இடது முழங்கைக்குக் கீழே ஒரே போடு.

எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். கை வெளியே விழுந்தது. அந்த வேகத்தில் என் வயிறு பட்டனில் அழுந்தி, பிரஸ் இறங்கியது. மாட்டியிருந்த பீஸ் காகிதமாக நசுங்கிக் கிடந்தது.

நான் தரையில் கிடந்தேன். எல்லோரும் ஓடிவருவதற்குள் அவள் டேப்பை நகத்தால் பிய்த்து உருட்டித் தன் கம்பெனிக் கோட் பைக்குள் போட்டாள். போனைக் காலால் தள்ளிக் கழிவுத் தொட்டிக்கு அடியில் அனுப்பினாள். என் காதோரம் குனிந்து, "டேப்பப் பத்தி வாயத் தொறக்காத. உன் லெட்டர் போய்டும்" என்றாள்.

மூன்றாம் நாள் கட்டோடு மேனேஜர் அறையில் உட்கார்ந்தேன். அவள் எதிரே நின்றாள். எங்கள் வரிசையைப் பார்த்த கேமரா ரொம்ப நாளாகக் குருடு. ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ஏதோ விளையாட்டுப் பழத்துக்காகக் கத்திக்கொண்டே வந்தாள், கம்பியால் அடித்தாள். மேனேஜர் என்னிடம் கேட்டார்.

"பழத் தகராறுலதான் அடிச்சாங்களா? இல்ல வேற ஏதாவது இருக்கா?"

காப்பாற்றத்தான் அடித்தாள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பட்டன் இருக்கும்போது பிரஸ் எப்படித் தானாக இறங்கும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு டேப்பைத் தவிர வேறு பதில் கிடையாது. மகளின் முகம் வந்தது. லெட்டர் அவர் மேஜையிலேயே, காகிதக் கட்டுக்கு அடியில் இருந்தது.

"ஆமா சார்," என்றேன். "பழத்துக்குத்தான்."

அக்காவின் வலது கை கோட் பைக்குள் போனது. டேப் அங்கேதான் இருந்தது, எனக்குத் தெரியும். எடுத்து மேஜைமேல் போட்டிருந்தால் என் கதை முடிந்திருக்கும். அந்தக் கை பைக்குள்ளேயே இறுகியது, பிறகு வெறுமையாக வெளியே வந்தது. என்னை ஒரு தடவை பார்த்தாள். போலீஸ் வேண்டாம், வேலையை விட்டு நின்றுவிடு என்று சொன்னார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு லெட்டர் வந்தது. மகள் காலேஜில் சேர்ந்தாள். நாவல் உடைந்து மரத்தடியில் சில்லாய்க் கிடந்தது. என் இடது கை இப்போதும் முழுசாக நீளாது, ஆனால் ஐந்து விரலும் இருக்கிறது. தினம் சோறு பிசையும்போது எண்ணிப் பார்க்கிறேன்.

அவள் தன் பாஸ்வேர்டை மாற்றவே இல்லை. தீவுப் பக்கம் வரவும் இல்லை. இரண்டு வருஷமாக அவள் தோட்டத்தை நான்தான் பார்த்தேன். தண்ணீர் விட்டேன், வலை கட்டினேன், அவள் தடியை எடுத்து வௌவாலும் அடித்தேன். என் தோட்டத்தை அழித்து எல்லாக் கன்றையும் அவள் நிலத்தில் நட்டேன். போன வாரம் அவள் மரத்தில் கண்ணாடி நாவல் பழுத்தது. பறித்து அவள் பெயரிலேயே வைத்தேன்.

திருவாலங்காடு ஸ்டேஷன் பக்கம் அவள் கொய்யாத் தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, பழத்தைக் கூடையில் வைத்து விற்கிறாள் என்று பேக்கிங் ஆள்தான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ரயில் மாறிப் போனேன். வழியெல்லாம் கன்னத்தைத் தடவிக்கொண்டே போனேன். நாலு அறை விழும், ஐந்து விழும், மயங்கி விழுந்தாலும் சரி, அப்புறம் ஒரு கொய்யாவைக் கையில் திணிப்பாள், அழுதுகொண்டே தின்னலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். வாங்க வந்த ஒருவன் பழத்தை நகத்தால் கீறிப் பார்த்தான், அவன் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். எனக்கு உயிர் வந்தது.

"அக்கா," என்றேன். "தப்புப் பண்ணிட்டேன்க்கா. உன் தோட்டத்த இத்தினி நாளா நான்தான் பாத்துகினு கீறேன். நாவல் பழுத்துடுச்சு, பறிச்சு உன் பேர்லயே வச்சிட்டேன். ஒப்படைக்க வந்தேன்."

வலது உள்ளங்கையை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு வளைந்திருந்த என் இடது கையைப் பார்த்தாள், விரல்களைக்கூட எண்ணியிருப்பாள் என்று தோன்றியது. எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனாள். நான் கையை மடக்கவில்லை.

திரும்பி வந்து, நீட்டியிருந்த உள்ளங்கையில் கிளாஸை வைத்தாள்.

"வாங்க," என்றாள். "டீ சாப்ட்டுப் போங்க."

நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.